ஒரு சாண் மேற்கே

போன வாரம் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்தில் வர்ணம் அடிக்க வந்த தம்பி, ஏணியில் பாதி ஏறி நின்றபடி என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மேடம், போர்டுல செவப்பா ஒரு புள்ளி இருக்கு. இது இருக்கணுமா, இல்ல சேத்து அடிச்சிரவா?" நான் ஓரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் பிள்ளைகள் எறிந்த பந்துகளைக் குறித்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அண்ணாந்து பார்த்தேன். வடக்கு வளையத்துக்குப் பின்னாலுள்ள பலகையில், கறுப்புக் கட்டத்தின் நடுவிலிருந்து சரியாக ஒரு சாண் மேற்கே, சட்டைப் பொத்தான் அளவில் அந்தப் புள்ளி இருந்தது. வெயிலிலும் மழையிலும் பலகை முழுக்கச் சாயம் உரிந்துவிட்டது. அந்த எனாமல் சிவப்பு மட்டும் நேற்று வைத்தது மாதிரி இருந்தது.

வைத்தவர் எங்கள் பி.டி. சார். கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். போன பங்குனியில் காலமாகிவிட்டார். அவருடைய விசிலை மகள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவர் எழுதிய பதிவேடுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. இந்த வளாகத்தில் அவர் கைபட்டு மிச்சமிருப்பது அந்தப் புள்ளி ஒன்றுதான். அதனால், இருக்கட்டும், வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிய வேண்டிய கேள்வியைத் தள்ளிப்போட்டேன். "மொதல்ல கம்பத்த அடிங்க தம்பி. போர்ட கடைசியா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சுக்கே வந்தேன்.

எனக்குக் கூடைப்பந்து தெரியாது. இத்தனை வருடம் அணியோடு அலைந்த பிறகும் ஒழுங்காகத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். நான் நூலக உதவியாளர். பெண் பிள்ளைகள் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் பெண் ஊழியர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது கல்லூரி விதி. ஆளாளுக்கு வீடு, குழந்தை, மாமியார் என்று காரணம் சொல்லி நழுவிவிட, ஒருநாள் மத்தியானம் பி.டி. சார் நூலகத்துக்குள் வந்தார். அதற்கு முன் அவர் அந்த வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை. கட்டையான உருவம், அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். வாசிப்பு அறை முழுக்கத் திரும்பிப் பார்க்க, "மேடம், ஒங்களுக்குப் பஸ்சுல வாந்தி வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்ப கிளம்புங்க" என்றார். என் பணி நியமனம் அவ்வளவுதான்.

மற்றக் கல்லூரிகள் களத்தில் இறங்கும்போது பார்க்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர், மேலாளர், சுளுக்கு எடுக்க ஒருவர் என்று ஒரே நிறச் சட்டையில் வரிசையாக வருவார்கள். எங்கள் பக்கம் மூன்று பேர். சார், நான், மார்க்கர் அண்ணன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும், பந்துக்குக் காற்றடிப்பதும், வலை கட்டுவதும் மார்க்கரின் வேலை. அண்ணன் ராசிங்காபுரத்துக்காரர். விடிகாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, கரண்டைக் காலில் காய்ந்த சேற்றோடு வேலைக்கு வருவார். சாரை ஊரே பயந்து பார்க்கும்போது, "சாரு கத்துறது தொண்டைக்கு நல்லது, விடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

சாருக்கு யாரையும் பாராட்டத் தெரியாது. பந்து வளையத்தில் விழுந்தாலும் "இன்னொருக்கா" என்பார். விழாவிட்டாலும் "இன்னொருக்கா"தான். அந்தச் சொல்லில் கோபமா திருப்தியா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நூறு முறை எறிந்து கை சோர்ந்த பிள்ளை ஒருத்தி, "சார், இதுக்கு மேல கையே தூக்க முடியல" என்று அழுதபோது, "தூக்க முடியாத கையால ஒருதடவ எறி. அதுதான் மேட்ச்சுல வர்ற கை" என்றார். அழுதுகொண்டே எறிந்தாள். விழுந்தது. "இன்னொருக்கா" என்றார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இனி காற்றைச் சொல்ல வேண்டும். ஆனி பிறந்தால் எங்கள் போடியில், மேற்கே போடிமெட்டுப் பக்கத்திலிருந்து இறங்கும் காற்று ஆவணி வரைக்கும் நிற்காது. மண் தரையில் அண்ணன் காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மத்தியானம் கிழக்குச் சுவரில் ஒட்டியிருக்கும். பாவாடையைப் பிடிப்பதா, பஸ்சைப் பிடிப்பதா என்று நாங்கள் தவிக்கிற காலம் அது. எங்கள் போட்டிகளுக்கான பயிற்சியும் அந்த மாதங்களில்தான். தெற்கு வளையம் எந்தக் காலத்திலோ வளைந்துபோய்ப் புதிதாக வாங்க வழியில்லாமல் கிடந்ததால், பிள்ளைகள் எறிந்து பழகியதெல்லாம் வடக்கு வளையத்தில். வடக்கே பார்த்து எறிந்தால் மேல்காற்று பந்தைக் கிழக்கே தள்ளும். அதற்காகத்தான் சார் ஏணி போட்டு ஏறிச் சிவப்புப் புள்ளியை வைத்தார். "கட்டத்தப் பாக்காத. புள்ளியப் பாத்து எறி. மிச்சத்த காத்து பாத்துக்கிரும்" என்பது அவர் பாடம்.

சேர்ந்த புதிதில் நான் அந்தப் புள்ளியைப் பற்றி அவரிடமே கேட்டேன். நடுவில் இல்லாமல் ஏன் ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்று. "புத்தகத்த அடுக்குற சோலி பாக்கியிருந்தா போயிப் பாருங்க மேடம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். காற்று விவரத்தைப் பிறகு எனக்குச் சொன்னவர் மார்க்கர் அண்ணன்தான். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். துணைக்கு வந்தவள் துணையாக இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் அந்த வாய் மூடலுக்காக நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல.

அந்த வருடம் ஆட்டங்கள் மதுரையில், நான்கு பக்கமும் சுவர் எழுப்பி மேலே கூரை போட்ட உள்ளரங்கில் நடந்தன. எங்கள் பிள்ளைகள் அதுவரை உள்ளரங்கில் ஆடியதே இல்லை. மரத்தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு எறிந்து பழகும்போதே நான் கவனித்தேன். தவறிய பந்துகள் எல்லாம் வளையத்தின் இடப்பக்க விளிம்பில்தான் பட்டு விழுந்தன. ஒன்றுகூட வலப்பக்கம் போகவில்லை. பயத்தில் அப்படி எறிகிறார்கள் போல என்று நினைத்தேன். எதிராளி தப்பாட்டம் ஆடினால் நம் பிள்ளைக்கு, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிய வாய்ப்புக் கொடுப்பார்கள், ஃப்ரீ த்ரோ என்று. லட்டு மாதிரி வரும் புள்ளி அது. அன்றைக்கு அப்படிக் கிடைத்த வாய்ப்புகளில் பதினொன்றைத் தவறவிட்டு, நான்கு புள்ளி வித்தியாசத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தோம்.

திரும்பும் பஸ்சில் பிள்ளைகள் முன் சீட்டுக் கம்பியில் தலை சாய்த்துக் கிடந்தார்கள். சார் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டி தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சார், ஒண்ணு சொல்லணும். தப்பா இருந்தா திட்டாதீங்க. தவறுன பந்து பூராமும் ஒரே பக்கம் போச்சு." எந்தப் பக்கம் என்றார். இடது பக்கம் என்றேன். எவ்வளவு என்றார். நான் கையை விரித்துக் காட்டினேன். ஒரு சாண். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றே இல்லாத இடத்தில் எங்கள் பிள்ளைகள் போடிக் காற்றுக்கு எறிந்திருக்கிறார்கள். கண் முன்னால் புள்ளி இல்லாவிட்டாலும் கை புள்ளிக்கே போயிருக்கிறது. "மொதல்லயே பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். வசவு விழப்போகிறது என்று எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். "நேத்துத் தோத்தது நீங்க இல்ல. நானு" என்றார். "காத்துக்கு எறியச் சொல்லிக் குடுத்தேன். காத்து இல்லாத எடம் ஒண்ணு ஒலகத்துல இருக்குங்கிறத மறந்துட்டேன். மேடம் அத மொத நாளே கேட்டாங்க. நான் வாயடைச்சேன். தப்பு என்னோடது." அந்தப் பெரிய குரல் அன்றைக்கும் குறையவில்லை. பக்கத்துத் துறை ஜன்னல்களில் எல்லாம் தலைகள் தெரிந்தன. ஒரு மனிதர் தன் தவறைத் தன் மாணவிகளுக்கு முன்னால் அத்தனை சத்தமாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நூலகத்துக்குப் போய், புத்தக அலமாரிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அவர் மறந்தார். நான் பார்த்தும் சொல்லவில்லை. எது பெரிய தப்பு என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அந்த வாரமே கல்லூரிச் செயலர் எங்களைக் கூப்பிட்டார். கல்லூரிப் பேருந்துகள் வெயிலில் நிற்கின்றன, மைதானத்தில் ஷெட்டு போடப் போகிறோம் என்றார். சார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு வருடம் கொடுங்கள் என்று கேட்டார். செயலர் சிரித்துக்கொண்டே, "கடைசி நாலு டீமுக்குள்ள வாங்க சார், கிரவுண்டு ஒங்களுக்கு. வரலேன்னா பஸ்சுக்கு" என்றார். சரி என்று சொல்லிவிட்டு சார் வெளியே வந்தார். வராந்தாவிலேயே என்னைப் பார்த்து, "நாளையில இருந்து நீங்க பெஞ்சுல என் பக்கத்துல ஒக்காரணும். பாக்குறத பாத்தவொடன சொல்லணும். சரியா தப்பாங்கிறது என் பாடு" என்றார். நூலகத்தில் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டும் தேதிச் சீட்டுக் கட்டு என் கையில் இருந்தது. அதில் ஒரு வட்டம் போட்டு, பந்து எந்தப் பக்கம் பட்டது என்று புள்ளி வைக்கத் தொடங்கினேன். ஒரு பிள்ளைக்கு ஒரு சீட்டு.

மறு வருடப் பயிற்சிக்குக் காற்றில்லாத இடம் வேண்டும். போடியில் ஆடி மாதத்தில் காற்றில்லாத இடம் எது? மார்க்கர் அண்ணன்தான் சொன்னார், "ஏலக்கா குடோன்." சரியாகத்தான் சொன்னார். காய் தரம் பிரிக்கிற குடோனில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். அண்ணனுக்கு உறவான ஒரு கங்காணி அக்கா, காய் பொறுக்கும் பெண்களுக்கு மேலாளாக இருந்தார். முதலாளியிடம் பேசி, சாயங்காலம் பெண்கள் எழுந்து போன பிறகு இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் சாரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "சாரு, தரையில சிந்துன காயில ஒண்ணு மிதிபட்டாலும் நாளைக்கு வரக்கூடாது. கூட்டிப் பொறுக்கிட்டுத்தான் பந்தத் தொடணும். செருப்பு, பூட்சு ஒண்ணும் ஆகாது." எங்கள் கல்லூரியின் பயிற்சியாளரும் மார்க்கரும் நூலக உதவியாளரும் முழங்காலில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கிய பிறகுதான் தினமும் பயிற்சி தொடங்கும்.

வளைந்து கிடந்த தெற்கு வளையத்தை அண்ணன் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி, குடோன் சுவரில் பொருத்தினார். பிள்ளைகள் வெறுங்காலோடு நின்று எறிந்தார்கள். முதல் வாரம் என் சீட்டுகளில் புள்ளிகள் எல்லாம் இடப்பக்கமே குவிந்தன. பழகிய கையைத் திருப்புவது, புதுக் கைக்குக் கற்றுக் கொடுப்பதை விடக் கஷ்டம். குரங்கணி மலையடிவாரத்துப் பிள்ளை ஒருத்தி, அணியில் நன்றாக எறிகிறவள், அவள்தான் அதிகமாகத் திணறினாள். அவள் அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பு ஏறி மலை மேல் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவர். "எங்காத்தா எடுத்துக் குடுத்த காய நான் மிதிச்சிருவேனோன்னு பயமாருக்கு சார்" என்பாள். "மிதிச்சா நான் பதில் சொல்றேன். இன்னொருக்கா" என்பார் சார். ஒரு மழைநாளில் கூரை ஒழுகி, ஓரமாக இருந்த மூட்டைகள் நனையப் பார்த்தபோது அணி முழுக்கச் சேர்ந்து இழுத்துப் போட்டோம். அதிலிருந்து கங்காணி அக்கா எங்களுக்குக் கடுங்காப்பி போட்டு வைக்கத் தொடங்கினார். ஆவணி பிறந்தபோது என் சீட்டுகளில் புள்ளிகள் நடுவுக்கு வந்திருந்தன.

மறு வருட ஆட்டமும் மதுரையில், அதே உள்ளரங்கில். இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கால் இறுதிக்கு வந்தோம். இதில் ஜெயித்தால் கடைசி நான்கு. பிற்பகல் வெயில், உள்ளே புழுக்கம். கடைசிச் சில நொடிகள் இருக்கும்போது நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். குரங்கணிப் பிள்ளையை எதிராளி தள்ளிவிட, அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அவள் மனதைக் கலைக்க எதிரணிக்காரர்கள் ஒரு நிமிட இடைவேளை கேட்டார்கள். பிள்ளைகள் சாரைச் சூழ்ந்து நின்றார்கள். நான் சீட்டுகளைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் அந்த வளையத்தில் தவறிய எங்கள் பந்துகள் எல்லாமே வலப்பக்கம் போயிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். பாதி ஆட்ட இடைவேளையில் புழுக்கம் தாங்காமல் யாரோ இடப்பக்கத்துப் பெரிய தகரக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே கட்டியிருந்த துணிப் பதாகை உள்பக்கம் புடைத்து ஆடியது.

சொல்வதா வேண்டாமா என்று அன்றைக்கும் ஒரு கணம் நாக்கு ஒட்டிக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன். இந்த நேரத்தில் அந்தப் பிள்ளையைக் குழப்பிவிட்டால்? மைதானமே போய்விடுமே. ஆனால் போன வருடத்துப் பஸ் ஞாபகம் வந்தது. "சார், பந்து வலது பக்கம் போகுது. இந்தக் கதவு திறந்திருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கத்தலாகக் கேட்டது. சார் சீட்டுகளை வாங்கிப் பார்க்கவில்லை. நிச்சயமா என்று கேட்கவில்லை. கதவை ஒரு தரம் பார்த்தார். "அண்ணே, கதவு" என்றார். மார்க்கர் அண்ணன் அதற்குள் பாதித் தூரம் போயிருந்தார்.

அரங்கக் காவலாளி வழிமறித்தார். உள்ளே வெந்து சாகிறோம், கதவைச் சாத்துவதா என்றார். "ரெண்டு நிமிசம் பொறுங்கண்ணே. பிள்ள எறிஞ்சதும் நானே தொறந்து, விசிறியும் விடுறேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கதவை இழுத்துச் சாத்தி, அதன் மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். நடுவர் திரும்பிப் பார்த்துவிட்டு மேசைப் பக்கம் போனார். பதாகை தொங்கி நின்றது. சார் அந்தப் பிள்ளையிடம், "காத்து போயிருச்சு. இது நம்ம குடோன். நேரா எறி" என்றார். அவளுக்கு முகமெல்லாம் வியர்வை. "குடோன்னா ஏலக்கா வாசம் வரணுமே சார்" என்றாள். சார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் பந்து வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கியது. ஆட்டம் சமம். கூட்டம் கத்தியது. அவள் திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். "இன்னொருக்கா" என்றார் சார், வழக்கமான அதே குரலில். எறிந்தாள். பந்து விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. மிச்சமிருந்த நொடிகளில் எதிரணி வீசிய பந்து பலகையில் மோதித் திரும்பியது. மறுநாள் அரையிறுதியில் இருபது புள்ளி வித்தியாசத்தில் எங்களை உதைத்து அனுப்பினார்கள். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஊர் திரும்பியதும் மார்க்கர் அண்ணன் முதல் வேலையாகச் சுண்ணாம்பைக் குழைத்து, மைதானத்தின் நான்கு ஓரமும் வழக்கத்தை விடத் தடிமனாகக் கோடு போட்டார்.

அப்போதே புள்ளியை அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். சார் ஒப்பவில்லை. "இருக்கட்டும் மேடம். நான் செஞ்ச மடத்தனத்த நான் தினம் பாக்கணும்" என்றார். பணி ஓய்வு பெறும் வரை தினமும் பார்த்தார். அதன் பிறகு தேவாரம் ஊர்ப்பக்கம் தோட்டம் வாங்கிக்கொண்டு போய், யானை வந்து வாழையை ஒடித்துப் போட்டால்கூட எனக்குத்தான் முதலில் போன் செய்வார். "ஒடிச்சிருச்சு மேடம். இன்னொருக்கா நட்டுக்கிருவோம்" என்பார். அவர் இறந்த செய்தி வந்த நாளில் நான் நூலகத்தில்தான் இருந்தேன். அன்றைக்கு எழுந்து மைதானத்துக்குப் போய், அந்தப் புள்ளிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வேறு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

கம்பங்களுக்கு வர்ணம் அடித்து முடித்த தம்பி மறுபடி பலகை முன்னால் ஏணியைச் சாய்த்தார். என் மடியில் அன்றைக் காலைச் சீட்டுகள் இருந்தன. இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகள், சாரைப் பார்த்தறியாதவர்கள். இது தை மாதம், இலை அசையவில்லை. ஆனாலும் சீட்டுக்குச் சீட்டு புள்ளிகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. காரணம் கேட்டால், "போர்டுல புள்ளி இருக்குல்ல மேடம், அதப் பாத்துத்தான் எறியணும்னு நெனச்சோம்" என்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிவப்பாக இருந்ததால் பார்த்திருக்கிறார்கள். சார் தனக்காக வைத்துக்கொண்டது அது. பார்க்க அவர் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அது வெறும் தப்பு வழி. அழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தவுடன் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் எனக்கு வைத்த ஒரே விதி.

"அழிச்சிருங்க தம்பி" என்றேன். அவர் வெள்ளையைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார். ஈரம் காய்ந்ததும் பார்த்தோம். சிவப்பு அடியிலிருந்து லேசாக எட்டிப் பார்த்தது. "எனாமலாச்சே மேடம், பிடிச்சா விடாது. தூரத்துல இருந்து தெரியாது. இப்படியே விட்டுறவா?" என்றார். நான் பெஞ்சிலிருந்து எழுந்து ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னொருக்கா அடிங்க" என்றேன்.